சட்டையில என்ன எழுதியிருக்கு?

பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்தில் மின்னொளி வாலிபால் போட்டி. ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பிச்சா விடிய விடிய நடக்கும். மைக்கில் ஒருத்தர் "அன்பளிப்பு வழங்கிய அண்ணனுக்கு நன்றி" என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கத்திக்கொண்டே இருப்பார். சொந்த ஊர்ப் பக்கம் போயிருந்த நான், தூக்கம் வராமல் அங்கே போய் நின்றேன்.

களத்தில் ஒரு டீம் பளிச்சென்று ரோஸ் கலர் ஜெர்ஸியில் நிற்கிறது. நெஞ்சில் வளைத்து மடித்த ரிப்பன். உங்களுக்குத் தெரியும், மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கு உலகம் முழுக்க வைத்திருக்கிற அடையாளம். முதுகில் ஒரு ஜே.சி.பி. வாடகைக்காரர் பேர், ஒரு செல்போன் கடை, ஒரு பைனான்ஸ். எனக்கு நிஜமாகவே சந்தோஷம். தர்மபுரி மாவட்டத்தின் ஒரு மூலையில் பசங்க இதையெல்லாம் யோசிக்கிறாங்களே!

செட் முடிந்து தண்ணி குடிக்க வந்த தம்பியைப் பிடித்துக் கேட்டேன்.

"தம்பி, இந்த ரிப்பன் எதுக்குப் போட்டீங்க?"

"தெரியலண்ணா. திருப்பூர்ல அடிக்கக் குடுத்தோம். அவங்க போன்ல நாலு டிசைன் அனுப்பினாங்க. இது சூப்பரா இருந்துச்சு."

சொல்லிவிட்டு ஷார்ட்ஸ் பாக்கெட்டில் இருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தான். உள்ளங்கையில் கொட்டி, கட்டை விரலால் ரெண்டு தேய்ப்பு, கீழ் உதட்டுக்குள் ஒரு அடக்கு. ஹான்ஸ். அடுத்த செட்டுக்கு சர்வீஸ் போடப் போய்விட்டான்.

அவனைப் பார்த்து நீங்களும் நானும் சிரிக்கலாம். ஆனால் கொஞ்சம் பொறுங்க. அவன் செய்ததைத்தான் இந்த உலகத்தின் பெரிய பெரிய டீம்கள் எல்லாம் கோடிக்கணக்கான ரூபாய் செலவு செய்து செய்கின்றன. என்ன, அவர்கள் பாக்கெட்டைக் கேமரா முன்னால் எடுப்பதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

குஜராத் டைட்டன்ஸ் கதையைப் பாருங்கள். 2023 மே 15-ம் தேதி அகமதாபாத்தில் ஐதராபாத்துக்கு எதிராக அவர்களுடைய கடைசி லீக் ஹோம் மேட்ச். வழக்கமான கருநீலத்தை விட்டுவிட்டு லாவண்டர் நிற ஜெர்ஸியில் இறங்கினார்கள். புற்றுநோய், குறிப்பாக உணவுக்குழாய்ப் புற்றுநோய் பற்றிய விழிப்புணர்வுக்காக. சுப்மன் கில் 101 அடித்தார், டீம் ஜெயித்தது, போட்டோக்கள் பிரமாதமாக வந்தன. 2024 மே 13-ல் கொல்கத்தாவுடன் லாவண்டர் மேட்ச். மழை. ஒரு பந்துகூட வீசாமல் மேட்ச் ரத்து, டீமும் பிளே ஆஃபில் இருந்து காலி. 2025 மே 22-ல் லக்னோவுடன் மறுபடி லாவண்டர், இந்தத் தடவை தோல்வி. ஜெயிச்சாலும் தோத்தாலும் வருஷா வருஷம் விடாமல் செய்கிறார்கள். அதற்கு ஒரு சபாஷ் போட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

உணவுக்குழாய்ப் புற்றுநோய் என்றால் நம்ம ஊருக்கு யாரோ தூரத்துச் சொந்தம் இல்லை. அறிஞர் அண்ணாவைக் கொண்டுபோனது அதுதான். 1968-ல் நியூயார்க் வரை போய் ஆபரேஷன் செய்துகொண்டு திரும்பினார். 1969 பிப்ரவரி 3-ம் தேதி அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் உயிர் போனது. வயது 59. அந்த இறுதி ஊர்வலத்துக்குக் கூடிய கூட்டத்தைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறோம். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அவர் பேரில் அரசு புற்றுநோய் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. ஆனால் அந்த நோய் எப்படி வரும், முதலில் என்ன காட்டும் என்று தெருவில் நாலு பேரைக் கேளுங்கள். ஊர்வலம் தெரியும், நோய் தெரியாது.

எனக்கும் தெரியாது. தெரியாததால் என்ன ஆனது என்று சொல்கிறேன்.

என் பெரியம்மா. தர்மபுரி மாவட்டத்துப் பொம்பளை என்றால் ராகிக் களி இல்லாமல் ஒரு வேளை ஓடாது. உருண்டை பிடித்துக் குழியில் குழம்பு ஊற்றி, மெல்லாமல் முழுங்க வேண்டும். களியை மென்று தின்றால் சின்னப் பிள்ளைகளே சிரிக்கும். 2014-ல் ஒருநாள் பெரியம்மா, "களி எறங்க மாட்டேங்குதுடா, நெஞ்சுல நிக்குது" என்றது. வயசாச்சு இல்ல, கூழா கரைச்சுக் குடி என்றோம். குடித்தது. கொஞ்ச நாளில் கூழும் கஷ்டமாச்சு. மோர் கலந்து குடித்தது. உடம்பு இளைத்தது. "சுகர் இருக்கும், டெஸ்ட் பண்ணு" என்றார் ஒரு மாமா. சுகர் இல்லை என்றதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இதில் ஆறேழு மாசம் போய்விட்டது. இடுப்புச் சுருக்குப் பையில் வெற்றிலையும் போயிலையும் அதுபாட்டுக்கு இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சோற்றுக்கும் அதுக்கும் முடிச்சுப் போட எங்களுக்குத் தெரியாது.

பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "முழுங்க முடியலன்னு எப்ப இருந்து சொல்றாங்க?" என்பதுதான். நாங்க மூணு ஆம்பளைங்க, மூணு பேரும் வெவ்வேறு மாசம் சொன்னோம். டிசம்பரில் பெரியம்மா போய்விட்டது.

அடுத்த மாசம், 2015 ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை. ஜோகன்னஸ்பர்க்கில் வெஸ்ட் இண்டீஸுடன் தென்னாப்பிரிக்காவின் பிங்க் ஒருநாள் போட்டி. மார்பகப் புற்றுநோய்க்காக டீம் முழுக்க பிங்க் உடை, ஸ்டேடியம் முழுக்க பிங்க். டி வில்லியர்ஸ் 31 பந்தில் நூறு அடித்தார். ஒருநாள் போட்டிகளில் அதைவிட வேகமான சதம் இன்றுவரை கிடையாது. 44 பந்தில் 149. எவ்வளவு பெரிய ஆட்டம்! சாவு வீட்டுக் களை இன்னும் போகாத வீட்டில் உட்கார்ந்து பார்த்த எனக்கு, கண்ணு பந்தின் மேல் நிற்கவில்லை. இத்தனை பேர் இத்தனை பிங்க் போட்டிருக்காங்களே, இதில் ஒருத்தர் சட்டையிலாவது "முழுங்கக் கஷ்டமா இருந்தா டாக்டரைப் பாருங்க" என்கிற மாதிரி ஒரு வரி இருந்தால் என்ன என்று தோன்றியது. அது வேற கேன்சர், அது வேற நாடு. தெரியும். துக்கத்தில் இருக்கிறவன் நியாயமா யோசிப்பானா?

இப்போது நியாயமாகவே யோசிக்கிறேன். நான் படித்தது பி.காம். எந்த நல்ல காரியத்தைப் பார்த்தாலும் புத்தி வரவு செலவுக்குத்தான் போகும். இந்தக் கலர் சட்டைகளை ரெண்டு கேள்வியால் அளக்கலாம் என்பது என் கட்சி. ஒன்று, காசு எங்கே போய் எதுவாக மாறுது? ரெண்டு, சட்டையைப் பார்த்தவன் வீட்டுக்குப் போகும்போது அவனுக்குப் புதுசா என்ன தெரியும்?

முதல் கேள்விக்கு ஆஸ்திரேலியாக்காரர்கள் நல்ல மார்க் வாங்குகிறார்கள். கிளென் மெக்ராத்தும் மனைவி ஜேனும் சேர்ந்து ஆரம்பித்த அறக்கட்டளை அது. ஜேன் 2008-ல் மார்பகப் புற்றுநோயில் இறந்தார். 2009 ஜனவரியிலிருந்து சிட்னி டெஸ்ட் பிங்க் டெஸ்ட் ஆனது. மூன்றாம் நாள் ஜேன் பேரில். அந்தக் காசு எதுவாக மாறுகிறது தெரியுமா? நர்ஸாக. நோய் வந்த பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்து, எந்த டெஸ்ட் எப்போ, எந்த டாக்டர் எங்கே, ராத்திரி பயமா இருந்தா யாரிடம் பேசுவது என்று கூடவே வருகிற நர்ஸ். இந்த மேட்ச் பணத்தில் எத்தனை நர்ஸ் என்று ஒருத்தன் கேட்டால் விரல் விட்டுச் சொல்லலாம். கணக்கு என்றால் அது கணக்கு. 2021 ஜனவரியில் நம்ம அஸ்வின் முதுகு வலியோடு ஹனுமா விஹாரியுடன் நின்று டிரா செய்தாரே, அதுவும் பிங்க் டெஸ்ட்தான். கொரோனா காலம், ஸ்டேடியத்தில் பாதிக்கு மேல் காலி. அதற்காக விட்டார்களா? உட்கார முடியாத நாற்காலிகளை 'பிங்க் சீட்' என்று ஆன்லைனில் விற்றார்கள். காலி நாற்காலியை விற்று நர்ஸ் சம்பளம் கொடுக்கிறவனை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் ஒன்று இருக்கிறது. 2010-ல் அமெரிக்காவில் கே.எஃப்.சி. தன் கோழி வறுவலை பிங்க் வாளியில் போட்டு விற்றது. ஒரு வாளிக்கு அரை டாலர் மார்பகப் புற்றுநோய் நிதிக்கு. எண்ணெயில் பொரித்த கோழியை வாளி வாளியாகத் தின்று ஆரோக்கியத்துக்கு உதவுங்கள் என்றால் எப்படி? அங்கேயே ஏகப்பட்ட பேர் சிரித்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெண்கள் அமைப்பு, பிங்க் சாமான் வாங்கும் முன் யோசியுங்கள் என்று 2002-லிருந்தே பிரச்சாரம் செய்து வருகிறது. அவர்கள் கேட்பதும் என் கேள்விதான்: காசு எங்கே போகுது? விற்கிற சாமானே நோயைக் கொண்டுவராதா?

அந்தக் கடைசிக் கேள்விதான் நம்ம நாட்டு கிரிக்கெட்டுக்கு வெகு நெருக்கம்.

1996 உலகக் கோப்பை ஞாபகம் இருக்கா? அதன் பேரே வில்ஸ் உலகக் கோப்பை. நம்ம டீம் ஜெர்ஸியில் நெஞ்சுக்கு நேரே வில்ஸ். சிகரெட் பேர். எனக்கு அப்போது பதினஞ்சு வயசு. தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துத் தள்ளுவண்டியில் அந்த ஜெர்ஸியின் டூப்ளிகேட் வாங்கி, சாயம் போகும் வரை போட்டேன். துவைத்துக் கொடுத்தது பெரியம்மாதான். "என்னடா எழுதியிருக்கு?" என்று கேட்டபோது, "இந்தியா டீம் பெரியம்மா" என்று சொன்னது நல்லா ஞாபகம் இருக்கிறது. பொய் இல்லை. எனக்கு அது சிகரெட்டாகவே தெரியவில்லை. அதற்காகத்தானே அவ்வளவு செலவு செய்து நெஞ்சில் ஒட்டினார்கள்!

சென்னையும் யோக்கியம் இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் ராஃப்டர் எல்லாம் வந்து ஆடிய டென்னிஸ் போட்டிக்கு கோல்ட் ஃபிளேக் ஓபன் என்று பேர்.

அந்த 96 உலகக் கோப்பையில் 523 ரன் அடித்து முதலிடத்தில் நின்ற சச்சின் பேட்டில் மட்டும் ஒரு ஸ்டிக்கரும் இல்லை. மற்றவர்கள் பேட்டில் சிகரெட் பேர் மினுங்கியது. புகையிலைக்கு விளம்பரம் செய்ய மாட்டேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்ததாகச் சச்சின் பிறகு சொன்னார். பேட் வெறுமை, ஆனால் சட்டை? சட்டை போர்டு கொடுத்தது, அதில் வில்ஸ். ஒரு மனுஷன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் சட்டை அவன் கையில் இல்லை பாருங்கள். 2001-ல் புகையிலை விளம்பரத் தடை மசோதா வரும்போதுதான் ஐ.டி.சி. விளையாட்டு ஸ்பான்சர்ஷிப்பை விட்டது. 2003-ல் சட்டமே வந்தது. அதற்கப்புறம் அந்த நெஞ்சில் சஹாரா, ஸ்டார், ஓப்போ, பைஜூஸ், ட்ரீம் லெவன், இப்போது டயர் கம்பெனி. இந்த வரிசையில் சிலது என்ன கதி ஆனது என்று ஒரு காமர்ஸ் வாத்தியார் தனிப் பாடமே நடத்தலாம். அதை இன்னொரு வாரம் வைத்துக்கொள்வோம்.

சிகரெட் போனது, ஏலக்காய் வந்தது. பான் மசாலா கம்பெனிகள் ஏலக்காய் விற்கிற மாதிரி விளம்பரம் செய்கின்றன, முன்னாள் வீரர்களே வந்து மென்று காட்டினார்கள். பேர் அதே பேர், எழுத்து அதே எழுத்து. ஏலக்காய்க்கு இத்தனை கோடி செலவு செய்து விளம்பரம் என்றால் போடிநாயக்கனூர் வியாபாரிகள் நம்புவார்களா? 2025 மார்ச்சில் மத்திய சுகாதாரத் துறையே ஐ.பி.எல். தலைவருக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. புகையிலை, மது விளம்பரம் எதுவும் வேண்டாம், இந்த மறைமுக விளம்பரமும் வேண்டாம் என்று. புகையிலையும் மதுவும்தான் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குப் பெரிய வாசல்கள். அப்படியென்றால், லாவண்டர் சட்டை போட்ட ஒரு நாளில் சொல்லவேண்டிய முதல் வாக்கியம் எது? "புகையிலையை விடு." அகமதாபாத்தில் அதைச் சொல்வதற்குத் தைரியம் வேண்டும். மாவாவும் குட்காவும் மெல்லாத தெருவே இல்லாத மாநிலம். 'விழிப்புணர்வு' என்று சொல்வதற்குத் தைரியம் தேவையில்லை. அதனால்தான் எல்லோரும் அதையே சொல்கிறார்கள்.

இந்த விழிப்புணர்வு என்கிற வார்த்தையோடு எனக்குத் தனியாக ஒரு சண்டை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி, அதிகாரி கொடியசைத்து, பேனர் பிடித்து நடக்க வைத்தால் விழிப்புணர்வு. மாரத்தான் ஓடினால் விழிப்புணர்வு. கலர் சட்டை போட்டால் விழிப்புணர்வு. எதைப் பற்றி விழிக்கணும், விழித்தவன் நாளைக் காலையில் எந்த வாசலுக்குப் போகணும்? அது மட்டும் பேனரில் இருக்காது.

யுவராஜ் சிங்கை நினைத்துப் பாருங்கள். 2011 மார்ச் 20, சேப்பாக்கம், வெஸ்ட் இண்டீஸுடன் உலகக் கோப்பை மேட்ச். இருமினார், ஆடுகளத்திலேயே வாந்தி எடுத்தார், 113 அடித்தார். மெட்ராஸ் வெயில் என்றோம். கேலரியில் இருந்தவனும் டி.வி.யில் பார்த்தவனும் கைதட்டினோம். அத்தனை கண்ணு முன்னால் நடந்தது, ஒருத்தருக்கும் தெரியவில்லை. 2012 ஆரம்பத்தில் நெஞ்சில் கட்டி, புற்றுநோய் என்று செய்தி. அமெரிக்காவில் கீமோ. அதே வருஷம் செப்டம்பர் 11-ம் தேதி, அதே சேப்பாக்கத்தில், நியூசிலாந்துடன் திரும்ப ஆட வந்தார். 34 அடித்தார். இந்தியா ஒரு ரன்னில் தோற்றது, யாருக்கும் அது பெரிசாகப் படவில்லை. உடம்பு சொன்னதைக் கேட்காமல் தள்ளிப்போட்டேன் என்று அவரே பின்னால் வெளிப்படையாகப் பேசினார். 'தொடர்ந்து இருமல், அலட்சியம் பண்ணாதே' என்பது எனக்கு அந்த ஒரு மனுஷனால் புரிந்தது. நூறு ரிப்பன் புரிய வைக்காதது. ஒருவேளை, எங்க வீட்டில் 2014-ல் 'வயசாச்சு' என்று சொன்னதும் சேப்பாக்கத்தில் 'வெயில்' என்று சொன்னதும் ஒரே வார்த்தைதானோ?

நம்ம மாநிலத்தில் வாசல்கள் இல்லாமலும் இல்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் பன்னிரண்டு படுக்கையோடு அடையாறில் ஆரம்பித்தது ஆலமரமாக நிற்கிறது. வீடு தேடி வருகிற 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் ஆரம்பித்ததே பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். 2023 நவம்பரில் ஈரோடு, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, கன்னியாகுமரி என்று நாலு மாவட்டத்தில் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கு வீட்டு வாசலில் அழைப்பிதழ் கொடுத்துப் பரிசோதனை தொடங்கினார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டால்தான் நம்ம ஜனம் வரும் என்று யாரோ ஒருத்தருக்குப் புரிந்திருக்கிறது. இந்த அழைப்பிதழை ஒரு வாலிபால் டீம் சட்டையில் அடித்தால் நான் விசில் அடிப்பேன்.

சட்டை போடாதே என்று நான் சொல்லவில்லை. அப்படிப் புரிந்துகொண்டு யாராவது கடிதம் எழுதிவிடாதீர்கள். சட்டை ரொம்பப் பலமான சாமான். பதினஞ்சு வயசுப் பையன் ஒரு சிகரெட் பேரை நாட்டின் பேராக நினைத்து மார்பில் சுமக்க வைத்த சாமான் அது. அவ்வளவு பலமான ஒன்றை வைத்துக்கொண்டு வெறும் கலரை மட்டும் மாற்றுவது, ஜே.சி.பி. கொண்டுவந்து பூச்செடிக்குக் குழி வெட்டுகிற கதை.

அந்த ராத்திரி ரோஸ் சட்டை டீம் அரையிறுதியில் தோற்றது. ரெண்டு மணி இருக்கும். பசங்க தூசியில் உட்கார்ந்து புரோட்டா தின்றுகொண்டிருந்தார்கள். ஹான்ஸ் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அறிவுரை சொல்லவில்லை. சொன்னால் எழுந்து போய்விடுவான் என்று தெரியும். பெரியம்மா கதையை மட்டும் சொன்னேன். களி இறங்காதது, கூழ் கரைத்தது, மோர் கலந்தது. கேட்டுக்கொண்டே இருந்தவன், "எங்க ஆயாவும் இப்ப கூழுதான்ணா குடிக்குது" என்றான். கை புரோட்டாவிலேயே நின்றது.

"எத்தனை நாளா?"

"தெரியல. பொங்கல்ல களி தின்னுச்சு."

காலையில் போன் நம்பர் வாங்கிக்கொண்டு, தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோப்பி எந்த நாளில் பார்ப்பார்கள் என்று விசாரித்து அவனிடம் சொன்னேன். கூட்டிப் போனான். ஆயாவுக்குப் புண்தான், வேறு ஒன்றும் இல்லை, மாத்திரை கொடுத்திருக்காங்க என்று நாலு நாள் கழித்துக் கூப்பிட்டான். அவன் குரலில் இருந்த சத்தத்துக்கு எந்தக் கலர் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

போன வாரம் மறுபடி போன். புது ஜெர்ஸி அடிக்கப் போறாங்களாம். "ண்ணா, அந்தக் களி மேட்டரைப் பின்னாடி போடலாமான்னு பசங்க கேக்கறாங்க. நீங்கதான் பேப்பர்ல எழுதறவரு, ஒரு வரி எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். 'களி இறங்கலையா? ரெண்டு வாரம் பார்க்காதே, டாக்டரைப் பாரு.' கீழே, 'போயிலையை இன்னைக்கே விடு.'

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ண்ணா, அந்த ரெண்டாவது வரி இருந்தா செல்போன் கடைக்காரரு காசு தர மாட்டாருண்ணா. அவரு கடையில அதுவும் விக்கிறாரு."

அந்த ஸ்பான்சர் எவ்வளவு கொடுக்கிறார் என்று கேட்டிருக்கிறேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.